வாய் ஒழுகும் மாடும் தொங்கும் நாக்கும்: எச்சில் சுரப்பி, நாக்கு நரம்பு பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுக்கு வாய் ஒழுகுகிறது என்றவுடன் நம் பக்கத்தில் வரும் முதல் பேச்சு, "எச்சில் கூடுதலாச் சுரக்குது" என்பதுதான். பெரும்பாலும் அது சரியல்ல. வளர்ந்த பசு ஒரு நாளைக்குச் சுமார் 100 முதல் 150 லிட்டர் எச்சில் சுரக்கிறது. நோய்நொடி இல்லாத பசுவுக்கே இந்தக் கணக்கு. சுரப்பதையெல்லாம் அது ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. விழுங்குவது நின்றுபோனால் கொட்டில் தரை நனைந்துவிடும். ஆகவே வாய் ஒழுகும் மாட்டைப் பார்த்ததும், அது ஏன் விழுங்கவில்லை என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும், கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரு தரப்பும் செய்கிற தவறுகள் வேறுவேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். எந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது, எந்த நரம்பு எந்த வழியில் போகிறது என்று பார்க்காமலேயே முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

வாய்க்குள் கையை விடுவதற்கு முன்

உயிருக்கே ஆபத்தான தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடு எச்சில் வடித்துக்கொண்டு நிற்கிறது, தீவனம் எடுக்கவில்லை. "தொண்டையில மாங்கொட்டை சிக்கிருச்சு" என்று யாராவது சொல்ல, வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவுகிறார்கள். மாங்கொட்டையோ பனங்கொட்டையோ அடைப்பது உண்டுதான். அப்போது மாடு கழுத்தை நீட்டித் தவிக்கும். ஏப்பம் வெளியேற வழியில்லாமல் இடது வயிறு உப்பிக்கொண்டே வரும். ஆனால் வெறிநோயிலும் இதே எச்சில் ஒழுகும். விழுங்க உதவும் நரம்புகளின் வேர்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அங்கே கிருமி புகுந்துவிட்டால் தொண்டை செயலற்றுப் போகிறது. நாயில் கீழ்த்தாடை தொங்கி, எலும்பு சிக்கியது போலவே தோன்றும். இதில் கொடுமை என்னவென்றால், மூளையிலிருந்து நரம்புகளின் வழியாகவே அந்த வைரஸ் எச்சில் சுரப்பிகளுக்கும் இறங்கிவிடுகிறது. கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் போதும்.

அதனால் அடைப்பு என்று உறுதியாகாத வரை கையுறை இல்லாமல் வாயைத் தொடாதீர்கள். எச்சில் பட்டுவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மாட்டுக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

கோமாரியில் ஒழுகுவது வேறு மாதிரி இருக்கும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் வெடித்து வலிப்பதால், மாடு உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே நூல் நூலாக வடிக்கும். குளம்பின் இடுக்கிலும் புண் இருக்கும்.

சீமைக்கருவேல நெற்றும் தொங்கும் தாடையும்

சிவகங்கைச் சீமையில் ஆடு மேய்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். கோடையில் வேறு தீனி இல்லாதபோது சீமைக்கருவேல நெற்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல உணவுதான். இனிப்பாக இருக்கும், புரதமும் உண்டு. ஆனால் பல வாரங்களுக்கு அதுவே முக்கியத் தீனியாகிவிட்டால், அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள் மூளைத்தண்டில் ஐந்தாவது கபால நரம்பின் (மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகளில் ஒன்று) இயக்கச் செல்களைச் சிதைக்கிறது. தாடையை அசைக்கும் நரம்பு அது. கன்னத்துச் சதை வற்றும், தாடை தளரும், மென்ற தீனி வாயிலிருந்து விழும், எச்சில் வடியும், நாக்கு வெளியே தொங்கும். இதே மரம் பரவிக் கிடக்கும் பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பகுதியிலும் மாடுகளிடமும் ஆடுகளிடமும் இந்த நோயைக் கண்டிருக்கிறார்கள்.

தொங்கும் நாக்கைப் பார்த்ததும் நாக்கு நரம்பு செத்துவிட்டது என்று எழுதிவிடுவது இங்கே நடக்கும் தவறு. நாக்கை அசைப்பது பன்னிரண்டாவது நரம்பு, தாடையை அசைப்பது ஐந்தாவது. தாடை தொங்கினால் நாக்கும் கூடவே வெளியே வரும். வெறிநோய் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, கையுறையோடு நாக்கை மெல்லப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பலமாக உள்ளே இழுத்துக்கொண்டால் நாக்கு நரம்பு உயிரோடு இருக்கிறது, கோளாறு தாடையில். நெற்றை நிறுத்தி வேறு தீனிக்கு மாற்றுவதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. செல்கள் செத்தபின் வற்றிய சதை பழையபடி திரும்புவதில்லை.

ஒரு நாக்கு, பல நரம்புகள்

மாணவர்கள் குழம்பும் இடம் இது. மனப்பாடம் செய்யப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. நாக்கின் சதையெல்லாம் பன்னிரண்டாவது நரம்பான ஹைப்போகிளாசலின் வேலை. முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கில் தொடுதல், சூடு, வலி ஆகியவற்றை எடுத்துச் செல்வது ஐந்தாவதின் கிளையான லிங்குவல் நரம்பு. அதே இடத்தின் சுவை மட்டும் ஏழாவது நரம்புக்குரியது. அதன் கிளையான கோர்டா டிம்பனி நடுக்காதைத் தாண்டி வந்து லிங்குவலோடு சேர்ந்துகொள்கிறது. பின்பக்க மூன்றிலொரு பங்கில் சுவையும் உணர்வும் இரண்டுமே ஒன்பதாவது நரம்பின் வேலை. அகழி சூழ்ந்தது போன்ற பெரிய சுவை முகிழ்ப்புகள் இருப்பது அங்கேதான்: பசுவுக்கு ஒரு பக்கத்துக்கு 8 முதல் 17 வரை, நாய்க்கு மொத்தம் 4 முதல் 6, குதிரைக்குப் பெரும்பாலும் 2.

நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எந்தப் பக்கம் கெட்டது என்பதிலும் பலர் தலைகீழாக எழுதுகிறார்கள். நாக்கை வெளியே தள்ளுவது தாடையின் உட்புறத்திலிருந்து வரும் ஜீனியோகிளாசஸ் தசை. இடது நரம்பு கெட்டால் வலது தசை மட்டும் தள்ளும். நுனி இடப்பக்கம் சாயும். அதாவது நீட்டிய நாக்கு, கெட்ட பக்கத்தையே காட்டுகிறது.

சுரப்பிக்குப் போகும் நரம்பிலும் ஒரு வழுக்கல் உண்டு. காதடியில் இருக்கும் எச்சில் சுரப்பியான பரோட்டிட்டை ஒட்டி ஏழாவது நரம்பு போகிறது. ஆனால் அதைச் சுரக்க வைப்பது ஒன்பதாவது. பக்கத்தில் கிடப்பதால் ஏழாவதுதான் என்று எழுதிவிடுகிறார்கள். கீழ்த்தாடைச் சுரப்பிக்கும் நாவடிச் சுரப்பிக்கும்தான் ஏழாவது, அதுவும் லிங்குவலோடு பயணம் செய்து வந்து சேர்கிறது.

ஒரு விலங்கின் படம் இன்னொன்றுக்கு ஆகாது

நாயில் பரோட்டிட் குழாய் கன்னத்தசையின் மேலேயே குறுக்காகப் போகும். செம்மறியிலும் அப்படித்தான். பசுவிலும் குதிரையிலும் அது தாடையின் உட்புறமாக இறங்கி, முகத்து இரத்தக்குழாய்களோடு சேர்ந்து கீழ்விளிம்பைச் சுற்றி மேலேறி, கன்னத்தசையின் முன்னோரமாகப் போகிறது. நாயின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மாட்டின் முகத்துக் காயத்தைத் தைப்பவர், தாடையின் கீழ்விளிம்பில் வெட்டுப்பட்ட குழாயைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். சிராவயல் போன்ற மஞ்சுவிரட்டுகளில் கொம்பு பட்டோ, முள்கம்பியில் கிழிந்தோ அந்த இடத்தில் காயமானால், தீனி போட்டு மெல்ல விட்டுப் பாருங்கள். மெல்லும்போது காயத்திலிருந்து தெளிந்த நீர் வழிந்தால் அது எச்சில். தோலை மட்டும் தைத்தால் புண் ஆறாமல் நாள்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அளவிலும் வேறுபாடு உண்டு. குதிரையில் பரோட்டிட்தான் பெரியது. பசுவில் கீழ்த்தாடைச் சுரப்பி அதைவிடப் பெரியது.

நாயில் நடக்கும் தவறு இன்னொன்று. தாடைக் கோணத்துக்குப் பின்னால் உருண்டையாக, வழுவழுப்பாகக் கைக்குப் படுவது கீழ்த்தாடைச் சுரப்பி. அதற்குச் சற்று முன்னால் சின்னச் சின்னதாக இருப்பவைதான் நிணநீர் முடிச்சுகள். சுரப்பியைத் தடவிவிட்டு முடிச்சு வீங்கியிருக்கிறது என்று பயந்து ஊசி குத்தி மாதிரி எடுப்பது அடிக்கடி நடக்கிறது. கழுத்தடியில் வலியில்லாத, மெத்தென்ற வீக்கம் வந்தால் சீழ்க்கட்டி என்று கீறிவிடாதீர்கள். கோழையாக, நூலாக வரும் திரவம் இருந்தால் அது கசிந்த எச்சில். பெரும்பாலும் நாவடிச் சுரப்பியிலிருந்து வந்தது. கீறினால் திரும்பத் திரும்பச் சேரும். நாயில் அந்தச் சுரப்பியின் ஒரு பகுதி கீழ்த்தாடைச் சுரப்பியோடு ஒரே உறைக்குள் இருப்பதால், அந்தப் பக்கத்து இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யும் மூன்று தவறுகள்

மூங்கில் குழாயில் மருந்து புகட்டும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விழுங்குவதன் முதல் படி, நாக்கு பின்னால் போய்த் தள்ளுவதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் எண்ணெயும் கஷாயமும் மூச்சுக்குழாயில் இறங்கி, இரண்டு நாளில் நுரையீரல் காய்ச்சலாகிறது. தலையையும் அண்ணாந்து தூக்க வேண்டாம். இருமினால் உடனே கீழே விடுங்கள்.

மாட்டின் கன்னத்து உட்புறத்தில் பின்னோக்கிச் சாய்ந்த கூரான முட்கள் இருக்கும். தீனி எடுக்காத மாட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அதை நோய் என்று கத்தரிப்பதும் உப்பு போட்டுத் தேய்ப்பதும் வேண்டாத வேதனை. தீனி வெளியே விழாமல் தடுக்கப் பிறவியிலேயே அமைந்தவை அவை.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு வைப்பது நம் பக்கத்து அன்பு. ஆனால் மாட்டின் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லை. அந்த எச்சிலின் பெருமை அதிலுள்ள சோடியம் பைகார்பனேட். வயிற்றில் உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது. வைக்கோலை மென்று அசை போடும்போதுதான் அது நிறையச் சுரக்கும். சோறு மெல்லாமலேயே வழுக்கிப் போய்விடும். அமிலம் ஏற ஏற, எச்சில் குறைவாகவே வரும். அண்டாச் சோறு தின்ற மாடு மறுநாள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். வைக்கோல் தின்ற மாட்டுக்கு ஒரு கை சோறு கொடுத்தால் தப்பில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தை மட்டும் பார்த்துப் படிக்காமல், கறிக்கடையில் வெள்ளாட்டுத் தலை ஒன்று வாங்குங்கள். தலைக்கறிக்கு வாட்டித் தருவது போல் வேண்டாம், வாட்டாமல் தோலோடு, கழுத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டச் சொல்லுங்கள்; காதடியில் வெட்டிவிட்டால் பரோட்டிட் பாதி போய்விடும். நாக்கடியில் இருக்கும் சின்னச் சதைக் குமிழின் துளையில் மெல்லிய தூண்டில் இழையைச் செருகினால் கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாய் வழி காட்டும். அந்தக் குழாயைக் குறுக்கே கடந்து நாக்குக்குள் போவது லிங்குவல். அதற்குக் கீழே, நாக்கின் தசைகளில் ஒன்றான ஹயோகிளாசஸின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு முன்னோக்கிப் போவது ஹைப்போகிளாசல்.