360 என்று போட்டிருந்தால் போதுமா? பெரிய லிக்விட் கூலர் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் லிக்விட் கூலர் (கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைப் பம்ப் வழியாகத் தண்ணீரில் ஏற்றி, ரேடியேட்டரில் ஃபேனால் ஆற்றும் கருவி) கேட்பவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள்: 360. அது மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். இரு முனைகளிலும் தண்ணீர் திரும்பும் பகுதி இருப்பதால் ரேடியேட்டரின் நிஜ நீளம் 395-400 மி.மீ. வரும். 420 என்றால் நீளம் 455-ஐ ஒட்டிப் போகும், அகலமும் 140 ஆகிவிடும்.

நீளத்தைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது கனம். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., அதன்மேல் ஃபேன் 25, ஆக 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3-இல் ரேடியேட்டரே 38 மி.மீ.; ஃபேனோடு 63. கேபினெட் பெட்டியில் "360 சப்போர்ட்" என்று இருப்பதை நம்பி வாங்கி வந்தால், மேலே மாட்டும்போது ஃபேன் வந்து ராம் தலையிலோ மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் ஹீட்சிங்க் மேலோ இடிக்கும். விளக்கு வைத்த ராம் 44 மி.மீ. வரை உயரம் இருக்கும், விளக்கில்லாதது 31-35. கேபினெட் மேனுவலில், மேலே ரேடியேட்டர் போட்டால் ராம் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய வரி அது.

முன்பக்கம் மாட்டுவதென்றால் கணக்கு கிராபிக்ஸ் கார்டோடு. கேபினெட்டில் கார்டுக்கு 360 மி.மீ. இடம் என்று போட்டிருந்தால், அது பல நேரம் முன்னால் ஒன்றுமே இல்லாதபோது உள்ள அளவு. அதில் 52 போனால் மிச்சம் 308. இன்றைய மூன்று ஃபேன் கார்டுகள் பல 320-ஐத் தாண்டுகின்றன. இடம் இருந்தாலும், முன்பக்க ரேடியேட்டர் சூடான காற்றைத்தான் கார்டின் மேல் தள்ளும். மேலே இடம் இருக்கும்வரை மேலேயே, காற்று வெளியேறும்படி மாட்டுங்கள். ஃபேனின் கம்பிச்சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம்.

அடுத்தது வெயில் கணக்கு. லிக்விட் கூலரால் ப்ராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு விமர்சனங்களில் அறை பெரும்பாலும் 22 டிகிரியைச் சுற்றி இருக்கும். அங்கே 75 காட்டிய கூலர், கத்திரி நேரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள 36 டிகிரி அறையில் கிட்டத்தட்ட 89 காட்டும். கூலர் பழுது என்று கடைக்குத் தூக்கி ஓட வேண்டாம், அது வெறும் கூட்டல். அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று போட்டிருக்கும் விமர்சனத்தைப் பார்த்து, அதோடு உங்கள் அறையின் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏசி போட்டால் உள்ளே வியர்த்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. அறையைவிடக் குளிராகாத இடத்தில் நீர் படியாது.

இவ்வளவு பெரிய கூலர் தேவைதானா என்பதையும் ப்ராசஸர்தான் சொல்ல வேண்டும். இன்டெல் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் இழுக்கும், அதற்கு 360 நியாயம். ரைசன் 7 7800எக்ஸ்3டி கேம் ஓட்டும்போது 100 வாட்டைத் தொடுவதே அபூர்வம். இரட்டை டவர் ஏர் கூலர் தாராளம், மிச்சப்படும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடலாம். ரைசன் 9 7950எக்ஸ் வேறு ரகம்: கனமான வேலையில் 95 டிகிரி வரை ஏறும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். கூலர் பெரிதானால் அந்த எண் அதிகம் இறங்காது, வேகம்தான் கொஞ்சம் கூடும்.

ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில் குழப்பம் குறைவு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு வரும் கிளாம்ப் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் பொருந்தும். இன்டெலின் எல்ஜிஏ1700-க்கு வருவது 1851-க்கும். பழைய எல்ஜிஏ1200 கிட்டை 1700-இல் வைத்து அழுத்தாதீர்கள், துளை இடைவெளி 75-இலிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது.

மாட்டும்போது முதலில் மதர்போர்டின் இடது மேல் மூலையில் உள்ள 8 பின் மின் வயரைச் செருகுங்கள். ரேடியேட்டர் ஏறிய பிறகு அங்கே விரல் நுழையாது. ப்ராசஸர் மேல் உட்காரும் பம்பின் அடியில், காப்பர் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். பம்ப் ஒருபோதும் மொத்த அமைப்பின் உச்சியில் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று மேலேதான் சேரும், அது பம்பில் சேர்ந்தால் கொரகொர சத்தம், பிறகு தேய்மானம். அதனால்தான் ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் போடக் கூடாது என்கிறோம்.

பம்ப் வயர் "ஏஐஓ பம்ப்" என்ற பின்னுக்கு, ஃபேன் வயர் "சிபியு ஃபேன்" பின்னுக்கு. இந்த சிபியு ஃபேன் பின் காலியாக இருந்தால் பல போர்டுகள் ஆன் செய்ததும் ஃபேன் எரர் காட்டி நின்றுவிடும். பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) பம்பை முழு வேகத்தில் விடுங்கள். சத்தத்தை ஃபேனில் குறைத்துக்கொள்ளலாம். விளக்குக்கான 3 பின் 5 வோல்ட் வயரை 4 பின் 12 வோல்ட்டில் திணித்தால் விளக்கு கருகிவிடும். திரை வைத்த மாடலாக இருந்தால் போர்டில் யுஎஸ்பி 2.0 பின் ஒன்று காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் முறை ஆன் செய்ததும் நேராக பயாஸுக்குப் போங்கள். வெப்பம் 50-ஐ ஒட்டி நின்றால் கவலையில்லை. ஓரிரு நிமிடத்தில் 90-ஐ நோக்கி ஏறினால் உடனே அணைத்துவிட்டு, உரிக்காத தாள், சுழலாத பம்ப், சரியாக இறுகாத திருகு என்ற வரிசையில் பாருங்கள்.

நம்மூர் தூசிக்கு ரேடியேட்டர் இதழ்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டினால் போதும். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்று நேராக வரும் ஜன்னலோரம் கேபினெட்டை வைக்காமல் இருப்பது அலுமினிய இதழ்களுக்கு நல்லது. சில ஆண்டுகளில் குழாய் வழியே நீர் கொஞ்சம் குறையும், அது இயல்பு. அதற்காகத் திருகைக் கழற்றி கேன் வாட்டர் ஊற்றினால் துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகும், வாரண்டியும் போகும். பெரிய கம்பெனிகள் ஐந்து, ஆறு ஆண்டு வாரண்டி தருகின்றன. அது செல்ல, சீரியல் எண் குறித்த ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், தெர்மல் தாளில் அச்சான பில் ஓராண்டில் வெளுத்துவிடும்.