திருச்சபைப் பயிற்சி ஊழியரின் ஞாயிற்றுக்கிழமை: பதற்றமின்றிப் பணிசெய்யும் முறை

திருச்சபையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவருக்கு ஞாயிறு, சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வாசிக்கவிருக்கும் வேதபகுதியை அன்றிரவே இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உதாரணமாக, வேதாகமத்தில் நெகேமியா 8:4-இல், வேதபாரகனான எஸ்றாவின் இருபுறமும் நின்ற 13 பேரின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒத்திகை பார்க்காத நாக்கு அங்கே நிச்சயம் தடுமாறும்.

காலையில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, ஒலிவாங்கியைச் சோதித்து, பாட்டு எண்களைப் போதகரின் தாளோடு ஒப்பிட்டு, ஞாயிறு பள்ளி ஆசிரியர் யாரேனும் வரவில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நாளாயின், எழுந்து முன்னே வர இயலாத முதியவர்கள் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைப் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிற்பகலில் நோயாளியைச் சந்திப்பதே, என் கருத்தில், அந்த நாளின் மிகக் கனமான பணி. கட்டிலருகே நின்றபடி பேசாமல், நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். கைபேசியை அணைத்துவிட்டு, அறிவுரை சொல்லும் ஆவலை அடக்கிக்கொண்டு, அவர் பேசுவதை முதலில் கேளுங்கள். களைத்திருப்பவருக்கு 8 வசனங்களே உள்ள 121-ஆம் சங்கீதமும் ஒரு சிறு ஜெபமும் போதும். அவர் மனம்விட்டுச் சொன்னதை, அவருடைய அனுமதியின்றி, ஜெபக்குறிப்பாகக்கூடச் சபையில் அறிவிக்கக் கூடாது.

மாலை வாலிபர் கூட்டத்திற்கு முன் அரைமணி நேரமாவது ஓய்வெடுங்கள். இரவில், மறுபடி சந்திக்க வேண்டியவர்களின் பெயர்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் போதகரோடு அமர்ந்து பேசுங்கள்.