வால்வு வீக் அல்ல, கண்டென்சர் கசிகிறது

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கத்து ஆக்ரிக் கடைகளில் (பழைய சாமான் கடை) வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் ரேடியோ, இன்னும் அகப்படுகிறது. வாங்குகிறவர்கள் செட்டோடு நிற்பதில்லை. பழைய இஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்ட வால்வு), இசிசி83 (அதற்கு முந்தைய பெருக்கி வால்வு) ஆகியவற்றையும் நல்ல விலை கொடுத்து வரவழைத்து, ஒன்றைக் கழற்றி ஒன்றைச் செருகி எது இனிமை என்று பார்க்கிறார்கள். கீழே போடாதே, சூட்டோடு தொடாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்கிற சில காரியங்கள் இருக்கின்றன.

அச்சடித்த பெயரை நம்புவது

கண்ணாடி மேல் முல்லார்ட் என்று இருந்தால் அது இங்கிலாந்துச் சரக்கு என்று அர்த்தமில்லை. பிலிப்ஸ் குழுமத்து ஆலைகள் ஒன்றில் செய்ததை இன்னொன்றின் பெயரில் விற்றன. அதோடு, புது மை அடிக்க இன்று யாராலும் முடியும். பார்க்க வேண்டியது கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கலாகப் பொறித்திருக்கும் குறியீட்டை. மேல் வரி வால்வின் வகையும் அதன் திருத்த எண்ணும். கீழ் வரியின் முதல் எழுத்து ஆலை: ‘பி’ (B) என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், சிறு முக்கோணம் என்றால் ஹாலந்தின் ஹீர்லன். அடுத்த ஒற்றை இலக்கம் ஆண்டு, பிறகு மாதத்துக்கு ஓர் எழுத்து, கடைசியில் வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் என்பதால் 1961ஆ 1971ஆ என்பதைக் குறியீடு சொல்லாது. பிளேட் (எலெக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) நீளமா குட்டையா, கெட்டர் (மிச்சக் காற்றை உறிஞ்சும் வெள்ளிப் பூச்சு) தாங்கி எப்படி இருக்கிறது என்று உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று ஸ்பிரிட் போட்டுத் துடைப்பவர்கள் மேலே மிச்சமிருந்த அச்சையும் அழித்துவிடுகிறார்கள். வாயால் ஆவி ஊதி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

ஒன்பது பின் இருந்தால் செருகிவிடுவது

இஎல்84, பிஎல்84, யுஎல்84 மூன்றும் பார்வைக்கு ஒன்றே. முதலாவதின் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) 6.3 வோல்ட், இரண்டாவதுக்கு 15, மூன்றாவதுக்கு 45. ‘இ’ என்றால் 6.3 வோல்ட்; ‘பி’ (P) என்றால் 300 மில்லிஆம்பியர் தொடர் இணைப்பு; ‘யு’ என்றால் 100 மில்லிஆம்பியர் தொடர். இஎல்84 சாக்கெட்டில் பிஎல்84 மினுங்கிக்கொண்டு கிடக்கும்; செத்த வால்வு என்று தூக்கி எறிவார்கள்.

இசிசி83 இடத்தில் இசிசி88 இன்னும் மோசம். இசிசி83க்கு ஹீட்டர் 4, 5ஆம் பின்களில் தொடங்கி நடுமுனை 9இல் வரும். இசிசி88க்கு ஹீட்டர் 4, 5 மட்டுமே, 9 உள்தடுப்பு. 12.6 வோல்ட்டுக்குக் கட்டிய சாக்கெட் என்றால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இருமடங்கு போய்ச் சேரும்.

கப்ளிங் கண்டென்சரைப் பார்க்காமல் வால்வை ஒப்பிடுவது

எரிச்சலூட்டுவது இதுதான். ஒரே செட்டில் வரிசையாக மூன்று இஎல்84 போட்டு, மூன்றும் பத்து நிமிடத்தில் கரகரக்க, “மூன்றும் வீக் சரக்கு, ஏமாற்றிவிட்டான்” என்று விற்றவரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. வால்வுகள் நன்றாகத்தான் இருந்தன, அந்தச் செட்டில் ஏறும்வரை.

இஎல்84இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் வலை) முந்தைய கட்டத்திலிருந்து ஒலி வருவது ஒரு மெழுகுக் காகிதக் கண்டென்சர் வழியாக; கப்ளிங் கண்டென்சர் என்பது இதுதான், பெரும்பாலும் 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட். பல இடவப்பாதி மழை பார்த்த செட்டில் அதற்குள் ஈரம் இறங்கியிருக்கும். அதன் ஒரு முனையில் நூறு வோல்ட்டுக்குக் குறையாமல் டிசி நிற்கிறது. 5 மைக்ரோஆம்பியர் கசிந்தால் போதும், 1 மெகாஓம் கிரிட் ரெசிஸ்டன்ஸில் 5 வோல்ட் பாசிட்டிவாக ஏறிவிடும். கிரிட் கேத்தோடை (எலெக்ட்ரான் விடும் முனை) விட 7 வோல்ட் கீழே இருக்க வேண்டிய வால்வு அது. கரண்ட் எகிறி, பிளேட் சிவந்து, உள்ளிருந்து வாயு கிளம்பி வால்வு நிரந்தரமாகக் கெடும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகலாம். அதைச் சுற்ற ஆள் தேடி நீங்கள் கோவைக்கு அலைய வேண்டும்.

மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்து “கண்டென்சர் நல்லது” என்று சொல்லாதீர்கள். நூறு வோல்ட்டில் 5 மைக்ரோஆம்பியர் என்பது 20 மெகாஓம். மீட்டரின் சிறு வோல்டேஜில் அது தெரியாது. கெபாசிட்டன்ஸ் மீட்டரும் சரி என்றே சொல்லும்.

சோதனை இப்படி. மெயினை எடுத்துவிட்டு, பில்டர் கண்டென்சரில் (பவர் பகுதியின் பெரிய கண்டென்சர்) நிற்கும் மின்சாரத்தை 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அதன் கருப்பு முனையைச் சேசிஸிலும் (செட்டின் உலோகச் சட்டம்) சிவப்பை 2ஆம் பின்னிலும் (கிரிட்) மாட்டுங்கள். செட்டைப் போட்டு சூடாக விடுங்கள். பூஜ்யம் அல்லது மிகச் சிறிய நெகடிவ் காட்டினால் சரி. பாசிட்டிவ் என்றால் அணைத்து, வால்வைக் கழற்றி, அது இல்லாமல் செட்டை மட்டும் மறுபடி போட்டு அரை நிமிடம் மட்டும் பாருங்கள். வால்வு இல்லாமலும் பாசிட்டிவ் நின்றால் கண்டென்சர் கசிகிறது. வால்வோடு சேர்ந்து மறைந்தால் குற்றம் வால்வுடையது, கேஸ் ஆகியிருக்கிறது, அதாவது உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அரை நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம், சுமை இல்லாததால் எச்டி (செட்டின் உயர் டிசி வோல்டேஜ்) ஏறிப் பில்டரை நெருக்கும்.

உண்மையில் இவ்வளவு கூட வேண்டியதில்லை. 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் ஒன்றின் விலை டீயும் பஜ்ஜியும் அளவுதான். பழையதை வெட்டி எறிந்து புதியதைப் போட்ட பிறகு வால்வுகளை எடுங்கள்.

ஒப்பிட வேண்டியது 3ஆம் பின்னில், கேத்தோடு வோல்டேஜை. பிளேட்டில் 250 வோல்ட், 135 ஓம் கேத்தோடு ரெசிஸ்டன்ஸ் என்றால் 48 மில்லிஆம்பியர் பிளேட் கரண்டும் 5.5 ஸ்கிரீன் (இரண்டாம் கிரிட்) கரண்டும் சேர்ந்து 7.2 வோல்ட் வரும். உங்கள் செட்டில் ரெசிஸ்டன்ஸ் வேறாக இருக்கும். அதனால் நல்லது என்று உறுதியான ஒரு வால்வை அளவுகோலாக வைத்து, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் சூடாக்கிக் குறியுங்கள். பாதிக்கு வந்தது தேய்ந்தது. நிற்காமல் ஏறிக்கொண்டே போவதைக் கையோடு கழற்றுங்கள்.

கெட்டர் வெளுத்திருந்தால்

காற்று புகுந்துவிட்டது. குப்பை.

நீல ஒளியைக் கண்டு பயப்படுவது

கண்ணாடியின் உட்புறம் ஒட்டிய மென்நீலம் ஒன்றும் செய்யாது. பிளேட்டுக்குள்ளே ஊதாவாக நிரம்பி நின்றால் கேஸ்.

சத்தம் சமமில்லாமல் காதால் தீர்ப்புச் சொல்வது

சற்றுக் கூடுதலாகப் பாடுவது எப்போதும் இனிமையாகவே கேட்கும். 400 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் ஒன்றாக வரும்படி வால்யூமைத் திருத்திய பிறகு கேளுங்கள்.

யுசிஎச்81, யுபிஎஃப்89 இருக்கும் செட்டில் விரல் வைப்பது

மேலே சொன்ன ‘யு’ வகை வால்வு செட்டுகள் இவை, மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. பிளக் திரும்பினால் சேசிஸே 230 வோல்ட்டில் நிற்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் திறக்காதீர்கள். மேலே சொன்ன கழற்றிப் பார்க்கும் சோதனையும் இங்கே நடக்காது, ஒரு வால்வை எடுத்தால் ஹீட்டர் சங்கிலி முழுவதும் அணையும். கண்டென்சரை நேரே மாற்றிவிடுங்கள்.