ரஸ்ட் கேமில் கீ மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டு ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கேமிங் சென்டர்களில் ரஸ்ட் என்ற ஆன்லைன் சண்டை கேம் ஆட வரும் புதுப் பசங்க, உள்ளே போன கையோடு செட்டிங்கைத் திறந்து நாலைந்து கீயை மாற்றிவிடுகிறார்கள். மாற்றத்தான் வேண்டும். ஒரே கீயில் இரண்டு வேலையை வைப்பது மாதிரியான தவறுகள் அரை மணியில் தானாகத் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் தெரியாமலே அடி வாங்க வைப்பவைதான் இங்கே.

கீபோர்டைச் சோதிக்காமல் மாற்றுவது

இன்றைக்கும் எரிச்சல் வரவைக்கும் தவறு இது. உயிரை ஏற்றும் மருந்து ஊசியான சிரிஞ்ச் வைத்திருக்கும் ஸ்லாட்டை க்யூவுக்கு மாற்றுகிறார்கள், விரலுக்குப் பக்கம் என்று. நின்ற இடத்தில் தட்டிப் பார்த்தால் வேலை செய்யும். சண்டையில் டபிள்யூவையும் ஏவையும் பிடித்துக் குறுக்கே ஓடும்போது தட்டினால் சிரிஞ்ச் கைக்கே வராது. செத்தால் பையில் இருந்த அத்தனையும் பிணத்தோடு போச்சு. உடனே பக்கத்து சீட்டிலிருந்து, நெட் தாமதம்தான் காரணம் என்று தீர்ப்பு வரும்: "பிங் அடிக்குதுடா, நெட்டை மாத்து." நெட்டை மாற்றிய பிறகும் அதே கதைதான்.

காரணம் கீபோர்டுக்குள் இருக்கிறது. கீகள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள் சந்திக்கும் இடங்களில் இருக்கின்றன. கீக்குக் கீழே ரப்பர் தாள் இருக்கும் மலிவான மெம்பிரேன் கீபோர்டில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒவ்வொரு கீக்கும் தனியாகக் கிடையாது. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளை ஒன்றாக அழுத்தினால், அழுத்தாத நாலாவது மூலையும் அழுத்தியதாகவே தெரியும். இந்தக் குழப்பம் வேண்டாமென்று கீபோர்டே மூன்றாவது கீயை விழுங்கிவிடுகிறது. க்யூ, டபிள்யூ, ஏ மூன்றும் அப்படியொரு கட்டத்தில் வரலாம்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். நோட்பேடைத் திறந்து, டபிள்யூ, ஏ இரண்டையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் வைக்கப்போகும் கீயைத் தட்டுங்கள். அந்த எழுத்து விழுந்தால் சரி. அடுத்து இடது ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்துத் தட்டுங்கள், ஓடுவது அதில்தானே. டபிள்யூவோடு டி பிடித்தும் பாருங்கள். ஒன்றில் விழாவிட்டாலும் அந்த கீ சண்டைக்கு ஆகாது.

சிரிஞ்ச் மாதிரி உயிர் காக்கும் விஷயத்தை மவுஸின் பக்கவாட்டு பட்டனில் வையுங்கள். மவுஸ் தனி யூஎஸ்பி கருவி, கீபோர்டின் கம்பிக் கணக்கு அதைத் தொடாது. புது கீபோர்டு வாங்குவதானால் என்-கீ ரோல்ஓவர், அதாவது எத்தனை கீயை ஒன்றாக அழுத்தினாலும் எல்லாம் பதிவாகும் வசதி, என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் 'ஆன்டி கோஸ்டிங்' என்றிருந்தால் அந்த வசதி சில கீகளுக்கு மட்டுமே இருக்கலாம். கலர் லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

செத்த ஒவ்வொரு முறையும் சென்சிட்டிவிட்டியை மாற்றுவது

கை பழகவே பழகாது. மவுஸின் வேக அளவான டிபிஐ-யை, கேமுக்குள் வைக்கும் வேக அளவான சென்சிட்டிவிட்டியால் பெருக்கி வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். 800 டிபிஐ-யில் 0.5 என்றால் 400. வேறு மவுஸில் 1600 டிபிஐ என்றால் 0.25 போட்டால் அதே வேகம். சக்கரத்துக்குக் கீழே இருக்கும் டிபிஐ பட்டன் தெரியாமல் அழுந்திவிட்டதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

வாய்ஸ் கீயைக் கைபடும் இடத்தில் வைப்பது

தெரியாமல் அழுந்தினால் நீங்கள் மைக்கில் பேசுவது பக்கத்தில் ஒளிந்திருக்கும் எதிரிக்கும் கேட்கும். நம் பக்கத்து டீம்களில் பாதித் தமிழ், பாதி மலையாளம். புரியாது என்று நம்பிப் பேசாதீர்கள், எதிரில் இருப்பவன் பாலக்காட்டுக்காரனாகவும் இருக்கலாம்.

ஸ்டிக்கி கீஸ்

ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் பெட்டி குறுக்கே வரும். முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

ரீகாயில் மேக்ரோ

சுடும்போது துப்பாக்கி உதறுவதைத் தானாகச் சரிசெய்யும் இது ஏமாற்று. பேன் விழும், கணக்கே முடங்கும்.

சென்டர் கம்ப்யூட்டரை நம்புவது

பல சென்டர்களில் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ரஸ்ட் ஃபோல்டருக்குள் சிஎஃப்ஜி (cfg) ஃபோல்டரில், நீங்கள் மாற்றிய கீகளை வைத்திருக்கும் 'கீஸ்' (keys) என்ற ஃபைல் இருக்கும். கேமை மூடிய பிறகு அதை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேமைத் திறப்பதற்கு முன்பே அதை அங்கே போடவேண்டும், திறந்த பிறகு போட்டால் எடுக்காது.