காற்று மாறிக்கொண்டே இருக்கும் நாட்களில் கேட்டமரான் பந்தயம்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தொடக்க விளக்கம்

எங்கள் களத்தில் கேழ்வரகு தூற்றும்போது ஆயா முறத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மாவே நிற்பார். கண் மட்டும் வரப்போரத்துப் புளியமரத்தின் உச்சியில் இருக்கும். அங்கே இலை புரண்டதும் முறம் மேலே போகும். காற்று களத்துக்கு வந்து சேரும்போது தானியம் அந்தரத்தில் இருக்கும். பாய்ப்படகுப் பந்தயத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். காற்று வந்தபிறகு கையைத் தூக்கினால் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

நானும் என் தம்பியும் கிருஷ்ணகிரியிலிருந்து போய்க் கடலில் பல நாள் பந்தயங்களில் கலந்துகொள்கிறோம். கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களுக்காக, முதல் பந்தயத்துக்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்ததையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: படகைப் புரிந்துகொள்ளுங்கள்

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. படகு மட்டும் வேறு. மரங்களைச் சேர்த்துக் கட்டுவது நம் கட்டுமரம். இது இரண்டு மெல்லிய உடல்களுக்கு நடுவே வலைத்துணி இழுத்துக் கட்டிய படகு. புதியவர்கள் அதிகம் ஏறுவது ஹோபி 16. அமெரிக்கரான ஹோபி ஆல்டர் வடிவமைத்தது. நீளம் 5 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், எடை ஏறக்குறைய 145 கிலோ, ஆட்கள் இரண்டு பேர். பந்தயத்தில் இருவரின் எடையும் சேர்ந்து 129 கிலோவுக்குக் குறைந்தால் படகில் எடை சேர்க்க வேண்டும்.

அடிப்படையை ஒற்றை உடல் படகில் கற்றாலும் பரவாயில்லை. சென்னைத் துறைமுகத்தில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும், 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப்பும் இருக்கின்றன. உயிர்காப்பு அங்கி, படகுக்கு வெளியே சாய்வதற்கு டிராபீஸ் கம்பியில் மாட்டித் தொங்க உதவும் இடுப்புப் பட்டை, கையுறை, தண்ணீர், தொப்பி. முதலில் இவ்வளவு போதும்.

படி 2: கரையில் நின்றே காற்றைப் படியுங்கள்

இதற்குப் படகே வேண்டாம். தென்பெண்ணையின் கே.ஆர்.பி. அணைக்கு ஒரு மாலை போய்க் கரையில் உட்காருங்கள். நீர்மட்டம் 52 அடி கொள்ளளவை நெருங்கி நிற்கும் காலமாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் பரந்து கிடக்கும். மேலே கறுப்புத் திட்டுகள் நகர்வதைப் பார்க்கலாம். காற்று பட்ட இடத்தில் சிற்றலை எழும்பி நீர் கருத்துத் தெரிகிறது. வழவழவென்று வெளுத்துக் கிடக்கும் இடத்தில் காற்று இல்லை.

இப்போது ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, அது உங்கள் முகத்தில் படும் வரை எண்ணுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். முதல் நாள் பாதிக்கு மேல் தப்பும். பத்து மாலைகளுக்குப் பிறகு எனக்குத் தப்புவது குறைந்தது.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு, இதை நான் மனதார நம்புகிறேன். திறந்த கடலில் வரும் காற்று ஓரளவு சீராக இருக்கும். குன்றுகளைத் தாண்டி வரும் காற்று உடைந்து உடைந்து, திசை மாறி மாறி வரும். ஆகவே குன்றுகளுக்கு நடுவே இருக்கும் நீர்த்தேக்கத்தில் கண்ணைப் பழக்கியவருக்குக் கடற்காற்று தடுமாறும் நாளில் பயம் இருக்காது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களிடமும், நாகமரைத் துறையிலிருந்து பண்ணவாடிக்குக் கடப்பவர்களிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாய் இல்லாமலே காற்றோடு பழகியவர்கள் அவர்கள்.

படகில் தம்பிக்கும் எனக்கும் இதற்கென்று ஒரே ஒரு சொல். “அக்கா, வலப்பக்கம் கறுப்பு, பத்து எண்ணலாம்” என்பான். “சரிடா” என்றுவிட்டு எண்ணத் தொடங்குவேன். காற்று வரும்போது என் கை ஏற்கெனவே கயிற்றில் தயாராக இருக்கும்.

படி 3: டேக் அடிப்பதை நூறு முறை பழகுங்கள்

காற்றை எதிர்த்துப் போகும்போது படகின் மூக்கைக் காற்றின் குறுக்கே திருப்பி அடுத்த பக்கம் போவதுதான் டேக். ஹோபி 16இல் நடுப்பலகை கிடையாது, எடையும் குறைவு. அவசரப்பட்டுச் சுக்கானைத் தள்ளினால் படகு நடுவிலேயே நின்றுவிடும்.

நல்ல வேகத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். சுக்கானை மெதுவாக, ஒரே சீராகத் தள்ளுங்கள். மூக்கு காற்றைத் தாண்டியதும் பெரிய பாயின் ஷீட்டை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, தளர்த்துங்கள். முன்பாயான ஜிப்பை உடனே மாற்றாமல் ஒரு நொடி பழைய பக்கத்திலேயே விட்டுவைத்தால், காற்று அதில் மோதி மூக்கைத் தள்ளிக் கொடுக்கும். அப்புறம் மாற்றி இழுக்கலாம். அப்படியும் நின்றுபோனால் படகு பின்னோக்கி நகரும். சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினால் மூக்கு விலகிவிடும்.

படி 4: மதிப்பெண் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும். குறைந்த கூட்டுத்தொகை வெல்லும். பெரும்பாலான தொடர்களில், போதிய பந்தயங்கள் நடந்தபின் உங்கள் மிக மோசமான எண் ஒன்று கழிக்கப்படும்.

20 படகுகள், 8 பந்தயங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படகு 5, 6, 4, 7, 5, 6, 5, 4. ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. கூட்டினால் 42, அதில் 7 போக 35. இன்னொரு படகு 1, 14, 2, 21, 1, 12, 3, 15. இரண்டு முறை முதலிடம். அந்த 21 என்பது புறப்பாட்டுக் கோட்டினை முன்கூட்டியே தாண்டியதற்கு: படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று. கூட்டினால் 69, அதில் 21 போக 48. ஒரு முறைகூட வெல்லாத படகு 13 புள்ளி முன்னால் நிற்கிறது.

காற்று மாறும் வாரத்தில் இந்த இடைவெளி இன்னும் கூடும். பந்தயக் களத்தின் ஓரத்தில் தனியாகப் போய் அதிர்ஷ்டத்தைத் தேடுபவருக்கு ஒரு நாள் 1 வரும், மறுநாள் 15 வரும். நீங்கள் கூட்டத்தோடு, நடுப்பகுதியில் இருங்கள்.

படி 5: புறப்பாடு

5 நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி. 4 நிமிடத்தில் ஆயத்தக் கொடி, பெரும்பாலும் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம். 1 நிமிடத்தில் அது இறங்கும். பூஜ்யத்தில் புறப்பாடு. ஒலியைவிடக் கொடிதான் கணக்கு, கடிகாரத்தை அதற்கு வையுங்கள். நீல சிலுவை போட்ட வெள்ளைக் கொடி ஏறினால் யாரோ முன்கூட்டித் தாண்டிவிட்டார்கள் என்று பொருள். நீங்களாக இருக்கலாம் என்று தோன்றினால் திரும்பிப்போய் மறுபடி தொடங்குங்கள். சில இடங்கள் போகும், 21 வராது.

காற்று தடுமாறும் நாளில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒத்திவைப்புக் கொடி ஏறும். அது இறங்கி ஒரே நிமிடத்தில் எச்சரிக்கை வந்துவிடும். அதனால் கோட்டைவிட்டுத் தூரமாகப் போகாதீர்கள்.

கோட்டில் நின்றபடி மூக்கை நேராகக் காற்றுக்குக் காட்டிப் பாருங்கள். எந்த முனைப் பக்கம் மூக்கு சாய்கிறதோ அந்த முனை சாதகம். காற்று மாறினால் சாதகமும் மாறும், கடைசி 2 நிமிடத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

விதிகளில் முதலில் மனப்பாடம் ஆகவேண்டியவை இவை: இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். ஒரே பக்கம் காற்று வாங்கி அருகருகே போனால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். தவறு செய்தால் உடனே படகை இரண்டு முழுச் சுற்று சுற்றும் தண்டனையை எடுத்துவிடுங்கள்.

படி 6: எதிர்க்காற்றில் ஏறும்போது

புறப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் இரண்டு பக்கமும் ஓட்டித் திசைகாட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தென்கிழக்குக் கடற்காற்றில் வலப்பக்கக் காற்றோடு சராசரி 80 பாகை வருகிறது என்று வையுங்கள். அது 70 ஆனால் காற்று உங்கள் முகத்துக்குத் திரும்பிவிட்டது. அதை ஹெடர் என்பார்கள். டேக் அடிப்பதை யோசிக்க வேண்டிய நேரம். 90 ஆனால் காற்று வழிவிடுகிறது, அப்படியே போங்கள். இடப்பக்கக் காற்றில் கணக்கு தலைகீழ்: எண் கூடினால்தான் ஹெடர்.

புத்தகம் படித்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் டேக் அடிப்பார்கள். கேட்டமரானில் அது நஷ்டம், ஒவ்வொரு டேக்குக்கும் அவ்வளவு வேகம் போகிறது. 10 பாகைக்குக் குறைந்த மாற்றத்தை நான் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போய், பத்து எண்ணும் வரை நிலைத்தால்தான் திருப்புவேன்.

பலமான காற்று அடிக்கும்போது பெரிய பாயின் ஷீட்டைக் கொஞ்சம் விடுங்கள். படகு பாய்ந்து வேகம் எடுத்ததும் மறுபடி இழுங்கள். காற்று விழுந்துவிட்டால் இருவரும் முன்னால் நகர்ந்து, அசையாமல் உட்காருங்கள்.

படி 7: காற்றோடு இறங்கும்போது

நேராகக் காற்றின் திசையிலேயே போகாதீர்கள், கேட்டமரான் அப்படி ஓடாது. கோணலாக ஓடி, பக்கம் மாறி மாறி இறங்க வேண்டும். முன்னால் கட்டியிருக்கும் காற்றுகாட்டி படகுக்கு 90 பாகையில் குறுக்காக நிற்கும்படி ஓட்டுங்கள். கறுப்பு பின்னாலிருந்து வருகிறது, அதனால் பின்னால் பார்க்கும் வேலையை ஒருவருக்கு ஒப்படையுங்கள். அடிப்பு வந்ததும் மூக்கைக் காற்று போகும் பக்கம் இறக்கி, இருவரும் பின்னால் நகருங்கள். முன்பக்கம் தண்ணீரில் புதைந்தால் படகு குட்டிக்கரணம் போட்டுவிடும்.

படி 8: கவிழ்ந்தால்

கவிழ்வீர்கள். படகை விட்டு மட்டும் நீந்திப் போகாதீர்கள். இரண்டு பாய்களின் ஷீட்டையும் விடுவியுங்கள். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்புங்கள். நிமிர்த்தும் கயிற்றை மேல் உடலுக்கு மேலாகப் போட்டு, கீழ் உடலில் நின்று இருவரும் பின்னால் சாயுங்கள். படகு எழும்பத் தொடங்கியதும் தலையைக் கவனித்துக்கொண்டு, பிடியைத் தளர விடாதீர்கள். நிமிர்ந்த படகு உங்களை விட்டு ஓடிவிடக்கூடும்.

படி 9: ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவே

என் முதல் தொடரின் இரண்டாம் நாள் காலை, இடது உடலின் வடிகால் மூடியைச் சரியாகத் திருகவில்லை. பாதிப் பந்தயத்தில் அந்தப் பக்கம் கனத்து, டேக் ஒவ்வொன்றும் இழுத்தது. 17ஆவதாக வந்தோம். அன்றிலிருந்து மூடியை நான் திருகுவேன், தம்பி தொட்டுப் பார்ப்பான்.

மாலையில் கப்பிகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கம்பிகளில் பிரிந்த இழை, ஊசிகளில் கழன்ற வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் உங்கள் பாய் எண்ணுக்கு எதிரே சரியான இடம் எழுதியிருக்கிறதா, புகார் தரக் கடைசி நேரம் எது என்று பார்த்துவிட்டே தூங்கப் போங்கள். காலையில் நாங்கள் கேழ்வரகுக் கூழ்தான் குடிக்கிறோம். வெயிலில் நான்கு மணி நேரம் அது தாங்குகிறது.

கடைசி நாளுக்கு முந்தைய இரவு இரண்டு விஷயம் பாருங்கள். எத்தனை மணிக்குப் பிறகு புதிய பந்தயம் தொடங்காது என்று விதித்தாளில் இருக்கும். அப்புறம், உங்களுக்கு முன்னும் பின்னும் இருக்கும் படகுகள் எத்தனை புள்ளி தள்ளி இருக்கின்றன என்று கணக்குப் போடுங்கள். சென்ற முறை நாங்கள் ஐந்தாமிடம், ஆறாவது படகு இரண்டே புள்ளி பின்னால். கடைசிப் பந்தயத்தில் நாங்கள் வேறு யாரையும் பார்க்கவில்லை. அந்தப் படகுக்கும் சுற்றவேண்டிய மிதவைக்கும் நடுவிலேயே நின்று, அது டேக் அடித்தபோது நாங்களும் அடித்தோம். “அக்கா, அவங்க பக்கம் கறுப்பு” என்றான் தம்பி. பத்து எண்ணுவதற்குள் நாங்களும் அந்தப் பக்கம் போய்விட்டோம்.