இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்தவர் இந்தியப் பாஸ்போர்ட் எடுப்பது எப்படி?

1987 ஜூன் 4-ல் இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவு மூட்டைகளைப் போட்டன. ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னாலேயே இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே, ஜூலை 1-ல், குடியுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. முகாம்காரர்களின் தலையெழுத்தை மாற்றியது அந்தத் தேதிதான்.

26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் இலங்கையரே ஆனாலும், பிறப்பால் இந்தியர். 1983 கலவரத்துக்குப் பின் மண்டபம் அகதி முகாமுக்கு வந்த குடும்பங்களில், அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கும் இது பொருந்தும். இதை யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபித்தால் போதும்.

முதல் வேலை பிறப்புச் சான்றிதழ். பிறப்பு பதிவாகவில்லை என்றால், பிறந்த ஊர்ப் பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்குங்கள். அதோடு மருத்துவமனைப் பிரசவச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் சேர்த்துக் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்க வேண்டும். எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் 'செல்வராசா', இன்னொன்றில் 'செல்வராஜா' என்றிருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பிறகு இணையத்தில் விண்ணப்பம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். முகாம் பதிவை மறைத்து வெளி முகவரி கொடுக்காதீர்கள். தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்ய சட்டத்தில் இடமுண்டு.

போலீஸ் விசாரணையில்தான் பெரும்பாலும் சறுக்கும். முகாம் அட்டையில் இலங்கையர் என்றிருப்பதைப் பார்த்ததும், பிறந்த தேதியைக் கவனிக்காமல் அறிக்கை எழுதிவிடுவார்கள். குடியுரிமைச் சட்டப் பிரிவு 3(1)(அ)-வின் நகலையும், மண்டபத்தில் 1986-ல் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2022 ஆகஸ்ட் உத்தரவையும் கையோடு கொடுங்கள். இடையில் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துவிடாதீர்கள். தாமாக வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றால் பிரிவு 9-ன்படி இந்தியக் குடியுரிமை போய்விடும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதுவும் பலிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம்.

பிள்ளைகள் கணக்கு வேறு. 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்த பிள்ளைக்கு, தாய் தந்தையில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அது மட்டும் போதாது; மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரை அப்படித்தான் எழுதுகிறார்கள். 9.1.2015 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு 2025 செப்டம்பரில் மத்திய அரசு தந்த விலக்கு, தண்டனையிலிருந்து மட்டுமே. குடியுரிமை அதில் இல்லை.