டெசிடுவா செல்லும் ட்ரோபோபிளாஸ்ட்டும்: ஒரே தட்டில் வளர்த்துப் பார்ப்பது எப்படி?

கரு பதியும் நாட்களில் தாயின் திசுவும் நஞ்சுக்கொடியின் திசுவும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதை உடலுக்குள் நேரில் பார்க்க வழியில்லை. அதனால் கருப்பை உட்படலத்தின் ஸ்ட்ரோமா (தாங்கு திசு) செல்களைத் தட்டில் வளர்த்து, டெசிடுவாவாக (கருவை ஏற்கத் தயாரான தாய்த் திசுவாக) மாற்றி, அதன்மேல் ட்ரோபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடியை உருவாக்கும் செல்) உருண்டைகளை இறக்கிப் பார்க்கிறார்கள். சோதனை சொதப்பினால் பழி ட்ரோபோபிளாஸ்ட் மேல் விழும். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடியில் இருக்கும் ஸ்ட்ரோமாவைத்தான்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கொடையாளரின் ஒப்புதலும் பெற்ற பிறகே திசு எடுக்கலாம். அவர் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. திசுவைப் பொடியாக நறுக்கி, மில்லிலிட்டருக்கு 0.5 மி.கி. கொலாஜினேஸும் 0.1 மி.கி. டிஎன்ஏஸும் கலந்த கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்; இடையிடையே குலுக்குங்கள். பிறகு 40 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடிகட்டினால் சுரப்பிக் கொத்துகள் மேலே தங்கும், ஸ்ட்ரோமா செல்கள் கீழே இறங்கும். மறுநாள் ஊடகத்தை மாற்றும்போது ரத்த அணுக்கள் கழுவப்பட்டுவிடும். ஃபீனால் ரெட் இல்லாத டிஎம்இஎம்/எஃப்12 ஊடகமே சரி. அந்தச் சாயத்துக்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. சீரத்தையும் கரியால் ஹார்மோன் நீக்கியதாகப் பயன்படுத்துங்கள். செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்; மூன்றாவது பாசேஜைத் தாண்டாதீர்கள்.

தட்டு நிரம்பியதும் சீரத்தை 2 சதவீதமாகக் குறைத்து, 0.5 மில்லிமோலார் 8-புரோமோ சைக்ளிக் ஏஎம்பியும் 1 மைக்ரோமோலார் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட்டும் (செயற்கைப் புரோஜெஸ்டின்) சேருங்கள். 48 மணிக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றி, 6 முதல் 8 நாள் தொடருங்கள். புரோஜெஸ்டின் மட்டும் கொடுத்தால் மாற்றம் மிக மெதுவாக வரும். சைக்ளிக் ஏஎம்பி மட்டும் என்றால் வந்த மாற்றம் நிலைக்காது. கரைப்பான் மட்டும் பெற்ற தட்டு ஒன்று கூடவே ஓட வேண்டும். அது இல்லாமல் எந்த முடிவுக்கும் பொருளில்லை.

கதிர் வடிவச் செல்கள் உருண்டு பலகோணமாகியிருக்கும். ஆனால் தோற்றத்தை மட்டும் நம்பாமல் டெசிடுவாவின் அடையாளப் புரதங்களான புரோலாக்டினையும் ஐஜிஎஃப்பிபி-1ஐயும் அளந்துவிடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: டெசிடுவாவில் புரோலாக்டின் மரபணு பிட்யூட்டரியில் தொடங்கும் இடத்துக்கு வெகு முன்னாலிருக்கும் வேறொரு எக்ஸானிலிருந்து (மரபணுவின் ஒரு துண்டு) படியெடுக்கப்படுகிறது. ஆர்என்ஏவை அளக்கும் பிரைமர் (குறிப்பிட்ட பகுதியைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) டெசிடுவாவின் படியிலும் இருக்கும் பகுதியில்தான் அமைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ட்ரோபோபிளாஸ்ட். பலரும் எடுப்பது 1993இல் உருவான எச்டிஆர்-8/எஸ்விநியோ என்ற ஆய்வகச் செல் வகை. அதில் ஸ்ட்ரோமா சாயல் செல்களும் கலந்திருக்கும். ஊடுருவும் ட்ரோபோபிளாஸ்ட்டின் அடையாளப் புரதமான எச்எல்ஏ-ஜி சோதனையில் பலவீனமாகவே தெரியும். ஜெக்-3 என்ற இன்னொரு செல் வகையில் எச்எல்ஏ-ஜி உண்டு, ஆனால் அது புற்றுச் செல். 2018இல் வந்த ட்ரோபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்களை ஊடுருவும் வகையாக மாற்றிப் பயன்படுத்த முடிந்தால் அதுதான் மேல்.

ஒட்டாத யு-வடிவக் குழித்தட்டில் குழிக்கு 1000 முதல் 2000 செல்கள் போட்டால் 24 முதல் 48 மணியில் உருண்டை திரளும். இறக்கும் முன் ட்ரோபோபிளாஸ்ட்டுக்குப் பச்சையும் ஸ்ட்ரோமாவுக்குச் சிவப்பும் சாயமிடுங்கள். இல்லையேல் யார் யாருக்குள் நுழைந்தார்கள் என்று சொல்ல முடியாது. டெசிடுவா செல்லும் சும்மா இருக்காது, தானே நகர்ந்து உருண்டையைச் சூழும். நுனி வெட்டிய பிப்பெட் முனையால் மெதுவாக இறக்கி, முதல் 24 மணி தட்டைத் தொடாதீர்கள். அசைந்தால் ஒட்டாத உருண்டை மிதந்துவிடும்.

உருண்டை இறக்கும் முன் சைக்ளிக் ஏஎம்பியைக் கழுவி நீக்குங்கள், அது ட்ரோபோபிளாஸ்ட்டையும் மாற்றும். புரோஜெஸ்டினை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் டெசிடுவா அழற்சிப் பாதையில் இறங்கும், மாதவிடாய்க்கு முன் நடப்பது போல.

0, 24, 48 மணிகளில் படமெடுத்து, இமேஜ்ஜே மென்பொருளில் பரப்பளவை அளந்து தொடக்கப் பரப்பால் வகுங்கள். பரப்பு கூடியது செல் பெருகியதாலா, பரவியதாலா என்பதை, பெருகும் செல்களை அடையாளம் காட்டும் கேஐ-67 சாயம் காட்டும். தொடாமலே கரையும் காரணிகளால் நடப்பதா என்று அறிய 0.4 மைக்ரோமீட்டர் துளைத் தட்டில் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பத்தாம் வாரத்துக்கு முன் நஞ்சுக்கொடியைச் சுற்றி ஆக்சிஜன் 2-3 சதவீதம்தான். குறை ஆக்சிஜனில் செய்வதானால் ஊடகத்தையும் முன்கூட்டியே அதே அளவில் வையுங்கள்.

கணக்கில் மாதிரி எண்ணிக்கை என்பது கொடையாளர்களின் எண்ணிக்கை, குழிகளின் எண்ணிக்கை அல்ல. குறைந்தது மூவர் வேண்டும். ஒவ்வொருவரின் மாறிய செல்லையும் அவரது மாறாத செல்லோடுதான் ஒப்பிட வேண்டும்.